பதினோரு விநாடி மௌனம்

உங்கள் படிவத்தில் ஏழாவது கேள்விக்கு ஒன்றரை வரி இடம்தான் விட்டிருக்கிறீர்கள், டாக்டர். 'மறதி முதன்முதலில் எப்போது, யாரால் கவனிக்கப்பட்டது?' நோயாளிக்குப் பிடித்த நிறம் என்ன என்பதற்கு முழுசாக மூன்று வரி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் என்பதால் இதெல்லாம் என் கண்ணில் படும். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றரை வரிக்குள் அடங்காது என்பதால் தனித்தாள்களில் எழுதி இணைத்திருக்கிறேன்.

நேற்று உங்கள் அறையில் என் அக்கா கொண்டுவந்து கொடுத்த இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தீர்கள். சந்தேகப்படுகிறவர்கள் பொதுவாகச் சத்தம் போடுவார்கள். நீங்கள் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள். அந்த மரியாதைக்காகத்தான் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

உங்கள் பன்னிரண்டாம் அறையில் இருப்பவர் என் அக்காவின் கணவர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். நாடக விழாவில் அவருக்குப் பெயர் மன்னர். இருபத்தைந்து வருடமாக ராஜா வேஷம் தவிர வேறு எதையும் அவர் தொட்டதில்லை. வேஷத்தைக் கலைப்பதில் மட்டும் கொஞ்சம் மெத்தனம். வீட்டில் உப்பு டப்பாவை நகர்த்தச் சொல்வதற்குக்கூட ஒரு முன்னுரை இருக்கும். "இந்த வீட்ல ஒரு ராஜா, ஒரு மந்திரி, சமைக்கிறதுக்கு மட்டும் ஒரே ஒரு ஜனம்" என்று அக்கா சொல்வாள். மந்திரி என்றது என்னை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் வீட்டு மாடியறையில் இருபது வருடமாக இருக்கிறேன்.

விழாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், இந்த ஊருக்குப் புதியவர். ஒவ்வொரு கோடையிலும் நான்கு வாரம், சனி, ஞாயிறு, பெரிய பூங்காவின் திறந்தவெளி மேடையில் செவ்வியல் நாடகங்கள் நடக்கும். செவ்வியல் என்றால் எழுதியவர் செத்துப் பல நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். பார்ப்பவர் சாகாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆறு மணிக்கு ஆரம்பம். முதலில் விழாக் குழுத் தலைவர் ஐந்தே நிமிடம் பேசுவதாகச் சொல்லி நாற்பது நிமிடம் பேசுவார். 'கலை' என்ற சொல் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரம் பார்த்து நாலு பேர் எழுந்து நழுவிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் நிகழ்ச்சித் தாளை விசிறியாக மடித்து வீசிக்கொண்டு மன்னருக்காகக் காத்திருப்பார்கள்.

நான் அங்கே பிராம்ப்டர். மேடையின் முன்விளிம்பில் தரைக்குள் பாதி இறங்கிய ஒரு மரப்பெட்டி இருக்கிறது. கோழிகளை அடைத்து வைக்கிற அளவுதான். எங்கள் குழுவில் அதற்குக் கூண்டு என்று பெயர். அதற்குள் உட்கார்ந்து முழு நாடகப் பிரதியையும் மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வசனத்தை மறந்து நின்றால் அடியெடுத்துக் கொடுப்பேன். இரண்டு சொல்தான். மூன்றாவது சொல் முதல் வரிசைக்குக் கேட்டுவிடும். இருபத்திரண்டு கோடையாக இரண்டிரண்டு சொல்லாகப் பேசி வந்திருக்கிறேன்.

கூண்டிலிருந்து பார்த்தால் தெரிவது கால்கள். மகுடமும் செங்கோலும் பார்வையாளர்களுக்கு. எனக்கு நகமும் வெடிப்பும். ஒருவர் பயப்படுகிறாரா என்பதை முகம் மறைத்துவிடும். பாதத்துக்கு நடிக்கத் தெரியாது. அத்தானின் இடது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். அது எப்போதும் பலகையில் படுத்தே கிடக்கும். அவர் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வசனம் மறந்ததில்லை, டாக்டர். ஒன்றுகூட. மற்ற எல்லோருக்கும் நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தளபதியாக வருகிறவர் செருப்புக்கடைக்காரர்; அவருக்குத் தன் வாளின் பெயரையே நான்தான் சொல்ல வேண்டும். அத்தானுக்கு மட்டும் நான் தேவைப்பட்டதே இல்லை.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், பின்னால் புரியும். எங்களிடம் நடிகர்களுக்கு முழுப் பிரதி கிடையாது. அவரவர் வசனமும், அதற்கு முன் பேசுகிறவரின் கடைசி மூன்று சொல்லும் எழுதிய தாள்கள் மட்டும் கொடுப்போம். முழுப் பிரதி இரண்டுதான். ஒன்று கூண்டில், ஒன்று அத்தானிடம். வசனத்தில் தகராறு வந்தால் கூண்டுப் பிரதி சொல்வதே முடிவு. இயக்குநர்கூட அதற்கு மேல் பேச முடியாது.

சென்ற கோடை விழாவின் இருபத்தைந்தாவது வருடம். முதல் நாள் துவக்க உரையில் அத்தானைப் பேசச் சொன்னார்கள். மகுடத்தோடு வந்து கூண்டுக்கு நேர் மேலே நின்றார். அவருடைய குதிகால் என் மூக்குக்கு ஒரு சாண் தூரம். "என் வாழ்நாளில் எனக்கு யாரும் ஒரு சொல் எடுத்துக் கொடுத்ததில்லை" என்றார். கைதட்டல். பிறகு, இந்தக் கூண்டு மேடையின் அழகைக் கெடுக்கிறது, அடுத்த வருடம் இதை மண் போட்டு மூடிப் பூச்செடி வைக்கலாம் என்றார். தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார். நான் உள்ளே உட்கார்ந்திருப்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். மறப்பதற்கு முதலில் நினைவு இருக்க வேண்டும்.

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. எல்லா நடிகர்களும் அப்படித்தான் பேசுவார்கள். அது முழு உண்மை என்பதுதான் தொந்தரவு. அச்சில் ஒரு பிழையும் இல்லாத பக்கம் வந்தால் எங்களுக்கு ஒரு எரிச்சல் வரும். எதற்காகச் சம்பளம் வாங்குகிறோம் என்று தோன்றும். அந்த அளவு எரிச்சல்தான். வெறுப்பு என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தவறான பாடம்.

உங்கள் ஏழாவது கேள்விக்கு வருகிறேன். அந்தக் கோடை மறுபடி எடுத்த நாடகம், நாட்டை விட்டுத் துரத்தப்படும் ஓர் அரசனைப் பற்றியது. மூன்றாம் அங்கத்தில் கோட்டை வாசலில் திரும்பி நிற்பான். நிற்பான், நிற்பான், பிறகு "இந்த மண் என்னை மறக்கட்டும்" என்பான். அந்த இடைவெளி அத்தானின் புகழ்பெற்ற மௌனம். மௌனம்தான் நடிப்பு, பேச்சு அதற்கு முட்டுக்கொடுக்கிற கம்பு என்று அவர் பேட்டி கொடுத்திருக்கிறார். என் கைக்கடிகாரப்படி பதினோரு விநாடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரண்டாவது நாள், ஒன்பதாவது விநாடியில், நான் "இந்த மண்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். மேடையில் இருந்த அவருக்கு மட்டும் கேட்கும் அளவு. வேறு எந்த அளவிலும் எனக்குச் சொல்லத் தெரியாது. படுத்துக் கிடந்த அந்த நீள விரல் மெல்ல எழுந்து சுருண்டது. வசனத்தைச் சொன்னார், ஆனால் முதல் இரண்டு சொல்லும் என் குரலின் தாளத்தில் வந்தன. நான் கவனித்தேன்.

நாடகம் முடிந்து ஒப்பனை கலைக்கிற கூடாரத்தில் பிடித்துக்கொண்டார்.

"என்னடா மச்சான், எதுக்கு எடுத்துக் குடுத்தே?"

"நின்னுட்டீங்களே அத்தான்."

"அது மௌனம்டா. தெரியாதா உனக்கு?"

"தெரியும். எப்பவும் பதினொண்ணு. இன்னைக்கு இருபதைத் தாண்டிடுச்சு. பயந்துட்டேன்."

முகத்தில் பாதி மட்டும் வர்ணம் துடைத்திருந்தது. சிரித்தார். "இருபதா? சும்மா இரு." பிறகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான் ஆரம்பம். நீங்கள் நினைப்பதுபோல் திட்டம் எதுவும் இல்லை. கூண்டுக்குள் ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிவித்தேன். அடுத்த வாரம் அவர் ஏழு விநாடி நின்றார். அதற்கு அடுத்த நாள் ஐந்து. ஒரு பத்திரிகையில், மன்னர் கோட்டையை விட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்போல அவசரப்பட்டார் என்று எழுதினார்கள். அக்கா அதைப் படித்துக் காட்டினாள். உப்பு டப்பாவை அவரே எழுந்து எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் முன்னுரை இல்லாமல் உப்பு நகர்ந்தது அன்றுதான். ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் பக்கங்கள். நாடகப் பிரதியை அச்சடித்தது எங்கள் அச்சகம். எழுத்தும் தாளும் என் கையில் இருந்தன. பிரதி, ஓரத்தில் கயிறு கோத்த தனித்தாள்கள். இரண்டு பிரதிகளிலும் ஒரே மாதிரி பதினைந்து இடங்களில் மாற்றினேன். எல்லாம் அத்தானின் வசனங்கள், எல்லாம் சின்ன மாற்றங்கள். 'ஏழு வாசல்களையும் திறந்து வையுங்கள்' என்பதை எட்டு ஆக்கினேன். 'தம்பியரே' என்பதைத் 'தோழரே' ஆக்கினேன். நாடகத்துக்குக் கெடுதல் வராதபடி பார்த்துக்கொண்டேன், அதைச் சொல்ல வேண்டும். அத்தானின் பிரதியில் அந்த வாசல் பக்கத்தில் ஒரு டீக்கறை வட்டம் இருந்தது. புதுத் தாளிலும் அதே இடத்தில் டம்ளரை வைத்து எடுத்தேன். இரண்டு முறை சரியாக வரவில்லை, மூன்றாவது வந்தது. வேலை என்றால் வேலை.

மறுநாள் மத்தியானம் ஒத்திகை.

"ஏழு வாசல்களையும் திறந்து வையுங்கள்" என்றார்.

"எட்டு வாசல்" என்றேன் கூண்டிலிருந்து.

"ஏழுடா."

"பிரதியில எட்டு, அத்தான்."

"இருபத்தஞ்சு வருஷமா ஏழு வாசல் திறந்திருக்கேன், எனக்கே சொல்லித் தர்றியா?"

கூண்டுப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். எட்டு. அவர் தன் பையிலிருந்து தன் பிரதியை எடுத்தார். டீக்கறைக்குக் கீழே எட்டு. கறையை விரலால் தொட்டுப் பார்த்தார். இயக்குநர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தளபதிக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க மன்னா, ஒரு வாசல் கூட இருந்தா காத்து நல்லா வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். எல்லோருக்கும் கடைசியாக.

அன்றைக்குப் பிறகு அவர் என்னைச் சந்தேகப்பட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. சந்தேகம் வந்தது, ஆனால் என் மேல் வரவில்லை. அதுதான் பெரிய மனிதர்களிடம் உள்ள வசதி. கீழே இருக்கிற ஒருவன் தன்னை ஏதாவது செய்ய முடியும் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. செய்தால் கடவுள் செய்ய வேண்டும், அல்லது நோய் செய்ய வேண்டும்.

வீட்டில் நான் செய்தது மிகக் குறைவு. அங்கேயும் இரண்டு சொல் விதியை மீறவில்லை. அவர் ஏதாவது கதை சொல்ல ஆரம்பித்தால், "மறுபடியுமா, அத்தான்?" என்பேன். மாத்திரையைத் தேடினால், "சாப்பிட்டாச்சு, அத்தான்." அக்காவிடம் எதையாவது கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள், "நேத்தே கேட்டீங்களே." அக்கா முதலில் என்னை முறைத்தாள். பிறகு அவரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். உற்றுப் பார்த்தால் யாரிடமும் மறதி தெரியும், டாக்டர். அறுபத்தொரு வயதில் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடாதவர் யார்? ஆறு மாதம் முன்னால் அதற்குச் சிரித்திருப்பாள். இப்போது அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"டேய், இவருக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டாள்.

"வயசாச்சு அக்கா" என்றேன். இரண்டு சொல்.

உள்ளங்கையில் வசனம் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். கோடை வெயிலில் அது வியர்வையில் கரைந்து மணிக்கட்டு வழியாக நீலமாக வழியும். மூன்றாவது வாரம், சனிக்கிழமை பிற்பகல், கூடாரத்தின் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ராஜா உடை, கையில் மை. என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையை அவர் அதற்கு முன் பிடித்ததாக நினைவில்லை.

"மச்சான், எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துடு. ஒவ்வொரு வரியும்."

"எல்லாமா?"

"எல்லாம். வெளியே சொல்லிடாதே."

அந்த மூன்று நாட்களைப் பற்றி நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மேடையில் நின்றது அவர், பேசியது நான். ஒவ்வொரு வரியும் இரண்டிரண்டு சொல்லாக என்னிடமிருந்து கிளம்பி, அவர் வழியாகப் போய், அறுநூறு பேரைத் தொட்டது. நான் கொஞ்சம் நிறுத்தினால் ஒரு அரசன் நின்றான். நான் குரலை இறக்கினால் அவன் அழுதான். அவர் நடித்ததில் அவைதாம் சிறந்தவை என்று இன்றும் சொல்வேன். அவருடைய இரண்டு பாதங்களும் கூண்டை விட்டு ஒரு அடிகூட நகரவில்லை. தலைவர் வந்து, மன்னர் முதிர்ச்சியின் உச்சத்துக்குப் போய்விட்டார் என்று வாழ்த்தினார், கண்ணை மூடிக்கொண்டு. இதை எல்லாம் எழுதுவதற்குக் காரணம், நான் அவருக்கு உதவியும் செய்திருக்கிறேன் என்பது பதிவாக வேண்டும்.

நான்காவது வாரம் ஞாயிறு, கடைசி நாடகம். அன்று காலை தலைவர் வந்திருந்தார். பூச்செடி ரகம் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, குழு கையெழுத்து போட்டுவிட்டது என்றார். அத்தான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. மூடிக்கொண்டார். நானும் காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும் எனக்கு. அவர் சொல்லவில்லை.

மூன்றாம் அங்கம். கோட்டை வாசலில் திரும்பி நின்றார். வெயில் அப்போதுதான் மரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது, மேடை முழுக்க மஞ்சள். பதினோரு விநாடி ஆயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

பார்வையாளர்கள் அது பழைய மௌனம் என்று நினைத்தார்கள். இருபதாவது விநாடியில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஓய்ந்தது. முப்பது. நாற்பது. விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவருக்கு அந்த வசனம் தெரியும், டாக்டர். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பின்னால் அவரே என்னிடம் சொன்னார்: "வாய்க்குள்ள வந்து நிக்குது மச்சான். ஆனா அது சரியா தப்பான்னு தெரியல." நாலே சொல் வசனம். வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக முழங்காலிட்டார். கூண்டின் வாய்க்கு முகத்தைக் கொண்டுவந்தார். இருபத்திரண்டு வருடத்தில் கூண்டிலிருந்து மகுடத்தை நான் கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். அட்டை. ஓரத்தில் பசை தெரிந்தது.

"சொல்லுடா" என்றார். மூன்றாவது வரிசை வரை கேட்டிருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று நேற்று உங்கள் கண் என்னைக் கேட்டது. மௌனம்தான் நடிப்பு என்று சொன்னவர் அவர். நான் அவருடைய கொள்கைக்கு மரியாதை கொடுத்தேன். அக்கா உடைக் கூடாரத்திலிருந்து ஓடி வந்தாள். குழுவுக்கு உடை தைப்பவள் அவள். மணிக்கட்டில் ஊசி குத்திய பஞ்சு அப்படியே இருந்தது. ஒரு குழந்தையை எழுப்புவதுபோல அவரைத் தூக்கி நிறுத்தினாள். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கலை என்று ஆரம்பித்தார். கண்ணை மூட மறந்துவிட்டார்.

மீதி உங்கள் கோப்பில் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த பெரிய டாக்டர் நோயின் வரலாறு கேட்டார். அக்காவால் பேச முடியவில்லை. நான் சொன்னேன். அந்த ஒருமுறை இரண்டு சொல் விதியை மீற வேண்டியிருந்தது. நாலு பக்கம் ஆயிற்று. பெரிய டாக்டர், இவ்வளவு கோர்வையாகச் சொல்கிற உறவினரைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார். அத்தானிடம் உறுதிப்படுத்திக்கொள்ள ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆமாம் என்றார். கேட்கும்போதெல்லாம் மச்சினன் முகத்தைப் பார்க்கிறார் என்பதையும் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொண்டார்கள். உங்கள் கோப்பில் பதினெட்டாம் பக்கம்.

அவரை இங்கே சேர்த்து ஒன்பது மாதம் ஆகிறது. நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். ஜன்னல் இருக்கிறது. காலையில் ஒரு மாத்திரை, மாலையில் இரண்டு. அதைச் சாப்பிட்டபின் நாக்கு கொஞ்சம் தடிக்கிறது, கை நடுங்குகிறது. நடுக்கத்தைப் பார்த்தால் நோய் முற்றியதுபோலவே இருக்கும்.

மகுடம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது என்று நீங்கள் நினைக்கலாம். இந்த வருடம் தளபதியை மன்னராக்கினார்கள். அவருக்குத் தலை பெரியது. மகுடத்தைத் தளர்த்துவதற்காக அக்கா உள்துணியைப் பிரித்தாள். அது இறுக்கமாக உட்காருவதற்காக என்றோ ஒரு காலத்தில் உள்ளே பழைய பிரதியின் தாள்களை மடித்துத் திணித்திருந்தார்கள். அதில் அந்த வாசல் பக்கம் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு மாடியறைக்கு வந்தாள்.

"டேய், இதுல ஏழுன்னு இருக்கு."

"பழைய பிரதி" என்றேன்.

"நாடகம் எழுதுனவரு செத்து முந்நூறு வருஷமாச்சு. எந்திரிச்சு வந்து திருத்திட்டுப் போனாரா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் நான் ஏதாவது உடைத்துவிட்டு நின்றால் இப்படித்தான் பார்ப்பாள்; அப்போதெல்லாம் கடைசியில் சிரித்துவிடுவாள். "உனக்கு என்னடா குறை வச்சேன்?" என்றாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் மாடிக்கு டீ வரவில்லை. அதற்கடுத்த நாள்தான் அந்தத் தாளையும் அத்தான் பிரதியின் வாசல் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள்.

நீங்கள் மூளைப் படத்தைப் பார்த்ததாகவும், அதில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னீர்கள். மத்தியான வேளைகளில் அவர் தன் அறையில் முழு நாடகத்தையும் எல்லோருடைய வசனத்தோடும் முணுமுணுப்பதாக நர்ஸ் சொன்னார் என்றீர்கள். இரண்டரை மணி நேரம், ஒரு பிழை இல்லாமல். தெரியும். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். வாசல் ஏழு என்கிறார், பிறகு எட்டு என்று திருத்திக்கொள்கிறார். அது ஒன்றுதான். மற்றபடி அவருக்கு எந்த நோயும் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை. படிவத்துக்கு என் பதில் அதுதான்: இல்லாத மறதியை முதலில் கவனித்தவன் நான்; கவனிக்க வேண்டி அதை உண்டாக்கியவனும் நான்தான். கையெழுத்து கடைசித் தாளில் இருக்கிறது.

கூண்டை மூடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மன்னருக்கே இப்படி ஆகிவிட்டதே என்று நடிகர்கள் எல்லோரும் பயந்துபோனார்கள். பூச்செடியைக் கழிவறைப் பக்கம் வைத்துவிட்டு, கூண்டை ஒரு சாண் அகலப்படுத்தி, உள்ளே மெத்தை போட்டிருக்கிறார்கள். இந்தக் கோடை நிகழ்ச்சித் தாளில் என் பெயர் வந்திருக்கிறது. ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது, பரவாயில்லை. தளபதி மேடையேறும் முன் கூண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

அவரை வீட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். அனுப்புங்கள். மாத்திரையை நிறுத்தினால் நடுக்கம் போய்விடும். ஆனால் உண்மையைச் சொன்னால் அவர் தெளிந்துவிடுவார் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். அந்த இடத்தில்தான் உங்களுக்கு அனுபவம் போதாது. நான் ஏற்கனவே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். விநாடிக் கணக்கு, பக்கங்கள், டீக்கறை, கடைசி நாள். ஒன்றையும் விடவில்லை. குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நீள விரல் சுருண்டு சுருண்டு விரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், இதெல்லாம் இப்ப நீ நெஜமாவே சொன்னியா? இல்ல, நானா நெனச்சுக்கிட்டேனா?"

கண்ணில் அப்படி ஒரு பயம், டாக்டர். நான் 'ஆமாம், சொன்னேன்' என்றால் அவருக்கு வீடு இல்லை, மச்சினன் இல்லை, போன ஒன்பது மாதமும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நானும் மனிதன்தானே.

"நான் ஒண்ணும் பேசலையே அத்தான்" என்றேன். "இப்பதான் வந்து உக்காந்தேன்."

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நல்லவேளை" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருந்தால், நான் அவருக்குக் கெடுதல் செய்தேன் என்று நினைத்திருக்க மாட்டீர்கள்.